புதன்கிழமைக் காவல்காரன்

— பாத்தீங்களா, மறுபடியும் ஈட்டியைக் கீழ போட்டுட்டீங்க!

— பனி ஈரம், அம்மணி. கை வழுக்கிவிட்டது. அது குற்றமாகாது.

— குற்றம்னு யாரு சொன்னா? போன வாரம் ரெண்டு தடவை போட்டீங்க. அதுக்கு முந்தின வாரம் அகழியில இருக்கிற அன்னத்தோட தலையில விழத் தெரிஞ்சுது. மொத வாரம் மட்டும்தான் அறைஞ்சு வச்ச மாதிரி பிடிச்சிட்டு நின்னீங்க. அட, குனியாதீங்க! அந்த இரும்புச் சட்டையோட குனிஞ்சா நிமிர்றதுக்கு ஆள் கூப்பிடணும். இந்தாங்க, பிடிங்க.

— வாயில் காவலனின் ஈட்டியை வழிப்போக்கர் தொடுவது தகாசுமிக் கோட்டையின் நெறிக்குப் புறம்பு. எனினும் பொறுத்தருளினோம்.

— பொறுத்தருளினீங்களா! என்னத்தச் சொல்ல. ஈட்டி கையில நிக்கல, வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல.

— அது கிடக்கட்டும். யார் நீ? எந்த ஊர்? உள்ளே செல்ல அனுமதி உண்டா?

— அஞ்சாவது புதன்கிழமையா வர்றேன், இன்னும் யார் நீயாம். கினுயோ. மூணு ஸ்டேஷன் தள்ளி, ஆத்தங்கரை குளியல் கூடத்துல கல்லாவுல உக்காந்திருக்கிறவ. புதன்கிழமை கூடம் மூடல். அனுமதிச் சீட்டு இதோ இந்தத் துணியில இருக்கு. சோத்து உருண்டை, ரெண்டு.

— கையூட்டு! இவ்வாயில் காவலன் கென்பெய் கையூட்டு வாங்குவதில்லை.

— வாங்குறதில்லதான். நான் அந்தக் கல்லு மேல வச்சிட்டுப் போவேன், நாலு மணிக்கு மேல அது தானாக் காணாமப் போயிடும்.

— இக்கோட்டையில் நரிகள் மிகுதி.

— நரி சோத்தைத் தின்னுட்டு, துணியை நாலா மடிச்சு, பறக்காம இருக்க மேல ஒரு சின்னக் கல்லையும் வைக்குமா?

— வைக்கும். கற்றறிந்த நரிகள்.

— சிரிக்கிறீங்க. முகமூடியில ஒட்டின மீசை ஆடுது பாருங்க.

— கென்பெய் சிரித்து நானூறு ஆண்டுகள் ஆகின்றன.

— சரி சரி, விறைப்பா நில்லுங்க. ஆள் வருது. ஒரு பொண்ணு, கேமராவோட. வெளியூர் போல.

— ஐயோ, நிஜ சாமுராய்! சார், ஒரு படம் எடுத்துக்கலாமா? அம்மா, நீங்க எடுத்துத் தர்றீங்களா? இந்த வட்டத்தை அமுக்கினாப் போதும்.

— குடும்மா. காவல்காரரே, கொஞ்சம் முறைங்க. ம், அப்படித்தான். எடுத்தாச்சு.

— சார், ஒரே ஒரு தடவை அந்த முகமூடியைக் கழட்டுங்களேன்.

— இயலாது, மகளே. இம்முகத்தை நானூறு ஆண்டுகளாக எவரும் கண்டதில்லை.

— அச்சோ, அப்படியே பேசுறாரே! சரி, கோட்டை எங்க சார் இருக்கு? போன்ல காட்டுது, கண்ணுக்குத் தெரியல.

— கோட்டை இல்லம்மா. எரிஞ்சு போய் நானூறு வருஷம் ஆச்சு. மேல போனா கல் மேடை இருக்கும். அதுல நின்னா ஊரு தெரியும், நாலு பைன் மரம் தெரியும், அவ்வளவுதான்.

— ஒண்ணுமே இல்லையா? அப்ப இவர் எதைக் காவல் காக்கிறாரு?

— அதைத்தான் நானும் அஞ்சு வாரமா கேட்டுட்டிருக்கேன்.

— மகளே, கேள். எம் பெயர் இவாமா கென்பெய். இவ்வாயிலின் காவலன். பகைவர் சூழ்ந்த நாளில், எம் தலைவர் பின்வழியாகத் தம் படையோடு...

— 'படையோடு ஆற்றைக் கடந்து சென்றார். எமக்குச் சொல்ல எவருக்கும் நினைவில்லை.' சொல்லுங்க, சொல்லுங்க, எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

— குறுக்கிடாதே, அம்மணி. மூன்று பகல் கொட்டும் பனியில் யாம் ஒருவனாக இவ்வாயிலைக் காத்தோம். நான்காம் நாள் பகைவர் வந்து, 'உள்ளே யாரும் இல்லை, விலகு' என்றனர். யாம் நம்பவில்லை.

— பாவமே. அப்புறம்?

— அப்புறம் என்ன, குத்திட்டாங்க. அதான் இவரு பேய்.

— ஆவி, அம்மணி. பேய் அன்று.

— சூப்பர் சார்! சரி, நான் மேல போய்ப் பாத்துட்டு அப்படியே பின்பக்கமா பஸ்ஸுக்குப் போயிடுறேன்.

— ஏய், படி பாத்து, படி பாத்து! ஐஸ் கட்டியிருக்கு, கைப்பிடியை விட்டுடாதீங்க! அவசரமே இல்ல, மெதுவா ஏறுங்க!

— ஓ! நானூறு வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான் பேசிக்குவாங்களோ?

— அது... தவறி வந்த சொல்.

— தவறி வந்தாலும் நல்லா இருந்துச்சு. அந்தப் படி வழுக்கத்தான் செய்யும். பனியை ஓரத்துல தள்ளாம நடுவுல குவிச்சிருக்காங்க. அது உருகும், திரும்ப உறையும். எங்க அப்பா இருந்தா கத்தியிருப்பாரு. முப்பத்தொரு வருஷம் இந்தப் பூங்காவுல பனி தள்ளின மனுஷன். விடியறதுக்குள்ள இந்த வாசல்ல இருந்து மேல கல் மேடை வரைக்கும் கருப்பாத் தரை தெரியும்.

— அறிவோம். சென்ற வாரம் சொன்னாய்.

— சொன்னதையேதான் சொல்றேன். வேற என்ன இருக்கு எங்கிட்ட? குளியல் கூடத்துல நாள் பூரா ஆளுங்க வர்றாங்க. 'குளிரு' ங்குறாங்க, 'ஆமா குளிரு' ங்குறேன். அதோட உள்ள போயிடுறாங்க. வெளிய வரும்போது 'சூடு' ங்குறாங்க, 'ஆமா சூடு' ங்குறேன். அதுதான் என் பேச்சு வார்த்தை.

— உன் குறை புரிகிறது. இங்கும் அவ்வாறே. வாரநாட்களில் அன்னப் பறவைகள்தாம் எம் குடிமக்கள்.

— உங்களோட வேஷம் கட்டுற மத்த நாலு பேரு எங்க? தலைவர், தளபதி, அந்தக் குட்டி வில்லாளி எல்லாம்?

— தலைவர் பெரிய அங்காடியின் திறப்பு விழாவுக்குச் சென்றுள்ளார். தளபதிக்கு மூட்டு வலி. வில்லாளி புதன்தோறும் வேறிடத்தில் வேலை செய்கிறாள்.

— உங்ககிட்ட மட்டும் சொல்லாமப் போயிட்டாங்களாக்கும். நல்ல பொருத்தம்தான். இந்தாங்க, இந்தக் காப்பி டப்பாவையாவது கையில வச்சுக்கோங்க. மெஷின்ல இப்பதான் எடுத்தேன், சுடச்சுட இருக்கு. குடிக்க வேண்டாம், கை சூடானாப் போதும்.

— இது என்ன விந்தை? நெருப்பின்றிச் சுடும் இரும்புக் குடுவை!

— நடிக்காதீங்க. போன வாரம் கழிப்பறைக்குப் பின்னாடி நின்னு இதே டப்பாவைக் குடிச்சுக்கிட்டு போன் பாத்துட்டிருந்தீங்க.

— ...கண்டுகொண்டாயா?

— கண்டுகொண்டேன். சரி, இன்னிக்கு நான் விளையாட வரல. கேளுங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு நாப்பத்தொன்பதாம் நாள் காரியம் செய்யுறேன்.

— ஞாயிறா? அதற்குள்ளாகவா?

— கணக்குப்படி புதன்கிழமைதான் வருது. தள்ளிப் போடக் கூடாது, முன்னாடி செஞ்சா தப்பில்லைன்னு சாமியார் சொன்னாரு. ஞாயிறு பதினோரு மணி. கல்லறைக் கல்லை நகத்தி, எலும்புக் கலயத்தை உள்ள இறக்கி, கல்லை மூடிடுவாங்க. அதோட சரி. மொத வாரம் உங்ககிட்ட என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கா?

— காவலன் மறவான். 'நீ தோமோனோரியா?' என்று கேட்டாய்.

— என் தம்பி தோமோனோரி. நீங்க என்ன பதில் சொன்னீங்க?

— 'எம் பெயர் இவாமா கென்பெய்' என்றோம்.

— ஆமான்னும் சொல்லல. இல்லைன்னும் சொல்லல.

— கவசத்துக்குள்ளே யாரும் இல்லை, அம்மணி. அதுவே எம் குழுவின் முதல் விதி. பார்க்க வருபவர் முன்னால் முகமூடியை அகற்றவும் கூடாது, ஊர்ப் பேர் சொல்லவும் கூடாது.

— விதி, விதி. இந்தப் பூங்கா ஆபீஸ்லயும் அதேதான். தனிப்பட்ட விவரம் சொல்ல மாட்டோம்னு ஏழு தடவை தலை குனிஞ்சு கும்பிட்டு அனுப்பி வச்சாங்க. மீன் கடை ஹருமி, எங்க அப்பா சாவுக்கு வந்தப்பதான் காதுல சொன்னா. 'உன் தம்பியைப் போன கோடையில பாத்தேன்டி, தகாசுமி வாசல்ல கவசம் போட்டு நிக்கிறான், வேர்வை துடைக்க முகமூடியைத் தூக்கினப்ப பாத்தேன்'னு. பதினோரு வருஷமா எங்க இருக்கான்னு தெரியாதவன், மூணு ஸ்டேஷன் தள்ளி நிக்கிறானாம்! அதுவும் அப்பா பனி தள்ளின அதே வாசல்ல.

— உனக்குச் சினம் வரவில்லையா?

— வந்துச்சு. நேர்ல பாத்தா கன்னத்துல ஒண்ணு வைக்கணும்னுதான் மொத நாள் கிளம்பி வந்தேன். வந்து பாத்தா இங்க கன்னமே இல்ல, இரும்பு மூஞ்சிதான் இருந்துச்சு. கொண்டுவந்த உருண்டையை வச்சிட்டுப் போயிட்டேன். சரி, மிச்சத்தையும் சொல்லிடுறேன். அவன் நீங்களா இருந்தாக் கேட்டுக்கோங்க. இல்லைன்னா காத்தோட போகட்டும். அப்பாவுக்கும் அவனுக்கும் ஆகாமப் போனது எதனாலன்னு சொன்னேன்ல?

— நடிக்கச் சென்றான் என்றாய்.

— நடிக்கன்னா, வாள் சண்டைப் படத்துல சாகுற வேலை. கதாநாயகன் சுழட்டி வெட்டுவான்ல, சுத்தி நின்னு பத்துப் பேரு விழுவான்ல, அதுல ஏழாவது ஆளு, எட்டாவது ஆளு. நகராட்சியில அப்பா கால்ல விழாத குறையா வாங்கிக் குடுத்த வேலையை விட்டுட்டு அதுக்குப் போனான். ஊருக்கு வந்தா சாப்பாட்டுல சண்டை. அப்பாவுக்கு எல்லாத்துக்கும் மேல அவன் சாப்பாட்டுக் குச்சி பிடிக்கிற கைதான் கண்ணை உறுத்தும். இடது கைக்காரன் அவன். சின்ன வயசுல அடிச்சுப் பாத்தாரு, கையைக் கட்டிப் பாத்தாரு, மாறவே இல்ல.

— அதையும் முன்பே சொல்லியிருக்கிறாய்.

— ரெண்டாவது வாரம் சொன்னேன். கடைசி சண்டையில நாப்பது வயசு தாண்டினவனைப் பாத்து, 'அந்த இடது கைக் குச்சியோட என் எலும்புகிட்ட வந்துடாதே. நான் செத்தா என் எலும்புல உன் குச்சி படக் கூடாது' ன்னாரு.

— அது... கொடிய சொல்.

— கொடியதுதான். எரிச்ச எலும்பைக் குச்சியால எடுத்துக் கலயத்துல வைக்கிறது பெத்த பிள்ளையோட உரிமை, அதையே வேண்டாம்னுட்டாரு. அவன் சாப்பிட்டுக்கிட்டிருந்த கிண்ணத்தைக் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போனான். போனவன் போனவன்தான். அப்பா அதுக்கப்புறம் என்ன செஞ்சாரு தெரியுமா? டிவியில வாள் சண்டைப் படம் ஒண்ணு விடாமப் பதிஞ்சு வச்சாரு. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் போடுவாரு. நிறுத்துவாரு, பின்னாடி ஓட்டுவாரு. 'இந்தா, இங்க சாகுறான் பாரு' ம்பாரு. 'நல்லா சாகுறான்ல?' ம்பாரு. நான் ஆமாம்பேன். அவ்வளவுதான் எங்க வீட்டுல அவனைப் பத்தின பேச்சு.

— அதை... அதை அவன் அறிவானா?

— யாரு சொல்லுவா? ஆஸ்பத்திரியில கடைசி வாரம், பேச்சு குழறிடுச்சு. என் கையைப் பிடிச்சு இழுத்து, 'அவனுக்கும் ஒரு ஜோடி குச்சி எடுத்து வை' ன்னாரு. எனக்கு மொதல்ல சாப்பாட்டுக்குச் சொல்றாருன்னு பட்டுச்சு. அவரு தலையை ஆட்டி, தன்னோட தொண்டையைத் தொட்டுக் காமிச்சாரு. அப்பதான் புரிஞ்சுது, தன் தொண்டை எலும்பைச் சொல்றாருன்னு. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிட்டாரு. இதைச் சொல்லத்தான் அஞ்சு வாரமா வர்றேன். ஒவ்வொரு வாரமும் வாய் வரைக்கும் வந்து நின்னுடும். இன்னிக்குச் சொல்லிட்டேன்.

— ...சுடலையில் உன்னோடு யார் குச்சி பிடித்தார்?

— அதை மட்டும் கேக்காம இருந்திருக்கலாம். அம்மா போய்ச் சேந்து எத்தனையோ வருஷம். அத்தைக்கு ரயில் ஓடல, பனி. சித்தப்பா ஆஸ்பத்திரியில. எரிச்ச எலும்போட தட்டை வெளிய இழுத்தாங்க. எதிர்ப் பக்கம் நிக்க எனக்கு ஆளில்ல. ரெண்டு பேரு ரெண்டு பக்கம் நின்னு, ஒரே எலும்பை ரெண்டு ஜோடிக் குச்சியாலயும் சேத்துத் தூக்கிக் கலயத்துல வைக்கணும். ஒருத்தி எப்படித் தூக்குறது? வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர்தான், 'தப்பா எடுத்துக்காதீங்க, நான் பிடிக்கிறேன்'னு வந்தாரு. நல்ல மனுஷன். கால்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா அவரும் நானும் தூக்கினோம்.

— பிறகு?

— கடைசியில தொண்டை எலும்பு, புத்தர் உக்காந்திருக்கிற மாதிரி இருக்குமே, அது. அது நெருங்கின சொந்தம் தூக்க வேண்டியது. அவரு குச்சியை நீட்டினாரு. நான் வேண்டாம்னுட்டேன். அதை மட்டும் தனியா ஒரு சின்னக் கலயத்துல வாங்கி வீட்டுல வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை பெரிய கலயத்தோட மூடியை ஒரு நிமிஷம் திறந்து தர்றேன்னு சாமியார் ஒத்துக்கிட்டாரு. எதிர்ப் பக்கம் ஒரு ஆளு நின்னாப் போதும். ஒரே ஒரு எலும்பு. மூணு மூச்சு நேரம் கூட ஆகாது.

— ஆள் வராவிட்டால்?

— வரலைன்னா கையால எடுத்துப் போட்டுட வேண்டியதுதான். என்னத்தச் சொல்ல. அப்பாவுக்குத் தெரியவா போகுது? சரி, நாலு மணி ஆகப் போகுது, உங்க காவல் முடியுற நேரம். உருண்டையைக் கல்லு மேல வைக்கிறேன். துணியை நீங்களே வச்சுக்கோங்க. இனிமே வாங்கிக்க வர மாட்டேன்.

— ஏன்?

— ஞாயித்துக்கிழமையோட எல்லாம் முடிஞ்சுதே. அப்புறம் எதுக்குப் புதன்கிழமை மூணு ஸ்டேஷன் வந்து ஒரு இரும்பு மூஞ்சிகிட்ட பேசணும்? ஊர்ல சிரிப்பாங்க. வர்றேன்.

— நில்!

— என்ன?

— நில்லுங்க. ஒரு நிமிஷம். போயிடாதீங்க.

— என்ன, கோட்டைப் பேச்சு எங்க போச்சு?

— பின்னாடி... தலைக்குப் பின்னாடி முடிச்சு இருக்கு. விரல் விறைச்சுப் போச்சு, அவிழ்க்க வரல. அவிழ்த்து விடுறீங்களா?

— விதி?

— விதி கிடக்கட்டும். அவிழ்த்து விடுங்க.

— அசையாதீங்க. ஐஸ் கட்டி இறுகியிருக்கு... இதை யாரு இப்படி முறுக்கிக் கட்டினது? வந்துடுச்சு. பிடிச்சுக்கோங்க, முகமூடி விழப் போகுது.

— பாருங்க. என் மூஞ்சியை நல்லாப் பாருங்க.

— பாத்தேன்.

— நான் உங்க தம்பி இல்ல.

— ம்.

— என் பேரு ஹிகுச்சி. ஹிகுச்சி மசுகி. ஐம்பத்தெட்டு வயசு. மலைப்பாதை பஸ் ஓட்டிட்டிருந்தேன், இருபத்தாறு வருஷம். மேல இருக்கிற ஊர்கள்ல ஆளே இல்லைன்னு போன வருஷம் அந்தத் தடத்தை நிறுத்திட்டாங்க. நவம்பர்லதான் இங்க சேந்தேன். எனக்கு முன்னாடி இந்தக் கவசத்தைப் போட்டவர் அக்டோபர் கடைசியில போயிட்டாராம். பேரு கூட எனக்குச் சொல்லல. நீங்க சொல்லித்தான் அவர் பேரு தோமோனோரின்னு எனக்குத் தெரியும்.

— ம்.

— மொத வாரம் நீங்க கேட்டப்பவே இல்லைன்னு சொல்லியிருக்கணும். விதின்னு நினைச்சேன். அது நெசம். ஆனா ரெண்டாவது வாரம் விதி இல்லை. ரெண்டாவது வாரம் நீங்க உருண்டையை வச்சிட்டு, 'குளிர்ல நிக்கிறே, தொண்டையில துணி சுத்திக்கோ' ன்னீங்க. எனக்கு அப்படி யாரும் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சுன்னு எண்ணிப் பாத்தேன். எண்ணிக்கை வரல. சொல்லிட்டா நீங்க அடுத்த வாரம் வர மாட்டீங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன். இன்னொருத்தருக்கு வந்த சோத்தைத் தின்னேன். இன்னொருத்தருக்கு வந்த வார்த்தையையும் வாங்கிக்கிட்டேன். திட்டுங்க. அன்னிக்குத் தம்பி கன்னத்துக்குன்னு வந்தீங்களே, அதை எனக்குக் குடுங்க.

— பொண்டாட்டி, பிள்ளைங்க?

— கட்டிக்கல. அம்மாவோட இருந்தேன், அவங்க போயாச்சு. இப்ப வீட்டுல டிவிதான் பேசுது. பஸ் ஓட்டுறப்பவாவது 'படி பாத்து இறங்குங்க'ன்னு நாலு பேருகிட்ட சொல்லிட்டிருந்தேன்.

— அதான் அந்தப் பொண்ணுகிட்ட அப்படிக் கத்தினீங்களா?

— வாய் பழக்கம். இன்னொண்ணும் இருக்கு, இதையும் வாங்கிக்கோங்க. மார்க் கவசத்துக்குள்ள வச்சிருக்கேன், கொஞ்சம் கசங்கியிருக்கும்.

— என்ன இது, தபால்?

— மூணாவது வாரம் ஆபீஸ்ல போய்க் கேட்டேன். முகவரி எனக்குத் தர மாட்டாங்களாம். கடிதம் எழுதிக் குடுத்தா அவங்க அனுப்புறோம்னாங்க. எழுதினேன். 'உங்க அப்பா இறந்துட்டாரு, அக்கா தேடுறாங்க, புதன்கிழமை வாசலுக்கு வாங்க, கவசத்தைக் கழட்டிக் குடுத்துட்டு நான் விலகிக்கிறேன்'னு. முந்தாநாள் திரும்பி வந்துச்சு. மேல முத்திரை குத்தியிருக்கு பாருங்க. இந்த முகவரியில் இந்தப் பேரில் யாரும் இல்லை. என்னை மன்னிச்சுடுங்க. அவரு எங்க போனாருன்னு இங்க யாருக்கும் தெரியல.

— கோணல் மாணலா எழுதியிருக்கீங்க.

— பேனா பிடிச்சு ரொம்ப நாளாச்சு.

— 'கவசத்தைக் கழட்டிக் குடுத்துட்டு நான் விலகிக்கிறேன்.' வேலையையே குடுத்துடப் பாத்தீங்களா?

— வேற எதுவும் இல்லையே குடுக்க.

— மூக்கு சிவந்து போயிருக்கு. துடைச்சுக்கோங்க. இந்தாங்க, உருண்டையை எடுங்க. இன்னிக்கு நரிக்கு வேண்டாம், என் கண்ணு முன்னாடி சாப்பிடுங்க.

— நீங்க அழுறீங்க.

— அழத்தான் செய்வேன். இத்தனை நாளா யாரு முன்னாடி அழுறதுன்னு தெரியாம இருந்துட்டேன். நீங்க சாப்பிடுங்க. ஒரு ஆளுக்குச் சோறு ஆக்க எனக்கு இன்னும் கை பழகல. ஆக்கினா ரெண்டு ஆளுக்கு ஆயிடுது.

— உப்பு சரியா இருக்கு. எப்பவும் சொல்லணும்னு நினைச்சுக்குவேன். கென்பெய் சொல்ல முடியாதே.

— ஞாயித்துக்கிழமை உங்களுக்கு என்ன வேலை?

— ஞாயிறு... பனி விளக்குத் திருவிழா. ஐந்து பேரும் வாசல்ல நிக்கணும். ஏன்?

— பதினோரு மணிக்குக் கோயில். ஆத்தைத் தாண்டினா மொத கோயில். வாசலை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. உள்ளயும் ஒண்ணும் இல்ல.

— கினுயோ அம்மா, நான் யாருமில்ல. ரத்த சொந்தம் நிக்க வேண்டிய இடம். வெள்ளைக் கையுறைக்காரரையே வேண்டாம்னீங்க.

— அவருக்கு எங்க அப்பா யாருன்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும். பனியை ஓரத்துல தள்ளுவாருன்னு தெரியும், டிவியை நிறுத்தி நிறுத்திப் பாப்பாருன்னு தெரியும், என்ன திட்டினாருன்னு தெரியும், எப்படித் திரும்ப எடுத்துக்கிட்டாருன்னு தெரியும். இந்த உலகத்துல எங்க அப்பாவைப் பத்தி இவ்வளவு தெரிஞ்ச ஆளு என்னைத் தவிர நீங்கதான். வருவீங்களா, மாட்டீங்களா?

— வர்றேன். தலைவர் திட்டட்டும். கறுப்புக் கோட்டு இருக்கு, அம்மாவுக்குப் போட்டது.

— அது போதும்.

— ஆனா ஒரு பயம். உங்க தம்பி இடத்துல நிக்கிறதுன்னா இடது கையாலதானே பிடிக்கணும்? மூணு வாரமா இந்தக் கையைப் பழக்கிப் பாக்குறேன். ஈட்டியே நிக்க மாட்டேங்குது. உங்க அப்பா எலும்பைக் கீழ போட்டுட்டேன்னா?

— வலது கையாலயே பிடி, தம்பி. ரெண்டாவது வாரம், அவன் இடது கைக்காரன்னு நான் சொல்லி வாயை மூடல, நீ வலது கையில இருந்த ஈட்டியை இடது கைக்கு மாத்திப் பிடிச்சியே, நீ அவன் இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்.